தூளியை அவிழ்த்தது நான்தான்

1

மலருக்குப் பையன் பிறந்த சேதியும், அவனுக்காகக் கட்டிய தூளியை அவன் வீட்டுக்கு வருமுன்பே அவிழ்த்துவிட்ட சேதியும் ஏறக்குறைய ஒன்றாகவே ஊருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. முதல் சேதிக்கு எல்லோருக்கும் சர்க்கரை கொடுத்தார்களாம். இரண்டாவது சேதியைக் கோயில் வாசலில் வைத்து வெகு நேரம் பேசினார்களாம். "பிள்ளை தங்காதவ சேலையில தூளி கட்டினா மாப்பிள்ளை வீட்டுல சும்மா இருப்பாகளா? பிடுங்கி எறிஞ்சிட்டாக" என்று பேச்சு. என் தங்கை சிவகாமி போன் பண்ணிச் சொன்னாள். மலர் அவளுடைய மகள். யார் யார் பேசினார்கள் என்றும் சொல்ல வந்தாள். வேண்டாம் என்றுவிட்டேன்.

நான் பேசத் தெரியாதவள். ஊரில் இருந்தபோது கிணற்றடியில்கூட எல்லோரும் போன பிறகுதான் குடத்தை எடுத்துக்கொண்டு போவேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பும் நின்றுவிட்டது. ஆனால் எழுத்துக் கூட்டி எழுத வரும், எழுதும்போது எதிரில் யாரும் நின்று முகத்தைப் பார்ப்பதில்லை. வெளிநாட்டில் இருக்கிறவர்கள் கோயில் திருவிழாப் புத்தகத்துக்கு ஏதாவது எழுதி அனுப்புங்கள் என்று ஒவ்வொரு திருவிழாவுக்கும் கேட்கிறீர்கள். இத்தனை வருஷமாக நான் அனுப்பியதில்லை. இந்த வருஷம் அனுப்புகிறேன்.

தூளியை யாரும் பிடுங்கி எறியவில்லை. அவிழ்த்தது நான்தான். ஏன் அவிழ்த்தேன் என்பதில் பிள்ளைத்தாய்ச்சிப் பெண்ணை வீட்டில் வைத்திருக்கிறவர்களுக்கு ஒரு உபயோகம் இருக்கிறது. அதற்காகவும் எழுதுகிறேன்.

2

மலர் படித்து முடித்து இங்கே சிங்கப்பூரில் வேலை கிடைத்து வந்தபோது என்னோடுதான் தங்கினாள். என் வீட்டுக்காரர் இறந்து அப்போது அதிக நாள் ஆகவில்லை. ஃபேரர் பார்க்கில் எங்களுடைய இரண்டு அறை வீடு. அவர் வேலை பார்த்த மளிகைக் கடைக்கு நடந்தே போகிற தூரம். அவர் போன பிறகு வீட்டில் தொலைக்காட்சி மட்டும்தான் பேசிக்கொண்டிருந்தது. மலர் வந்து என் பக்கத்தில் பாயை விரித்துப் படுத்த பிறகுதான் நான் மறுபடி இரண்டு பேருக்கு உலை வைத்தேன்.

அவள் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன் பிரகாஷைக் கட்டிக்கொண்டு செங்காங்குக்குப் போனாள். ஒரே ரயில்தான், மாற வேண்டியதில்லை. இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை வருவது மாதத்துக்கு ஒரு முறையானது, பிறகு தீபாவளி பொங்கல் என்றானது. நான் ஒன்றும் சொன்னதில்லை. வேலைக்குப் போகிற பிள்ளைகள். அவர்கள் இரண்டு பேரும் ஆங்கிலத்தில் பேசிச் சிரித்தால் நானும் சிரித்து வைப்பேன். எதற்குச் சிரித்தோம் என்று பிறகு மலர் சொல்லுவாள். சில நாள் மறந்துவிடுவாள்.

பிள்ளை உண்டாகி ஏழு மாதம் ஆனபோது அவளே வந்து என்னைப் பெட்டியோடு கூட்டிக்கொண்டு போனாள். சிவகாமிக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் விமானம் ஏற முடியாது. எனக்கென்று ஒரு அறை ஒழித்து வைத்திருந்தார்கள். போன அன்றைக்கே கேட்டாள்.

"பெரியம்மா, தூளி உங்க சேலையிலதான். நல்ல பழசா, மெத்துனு ஒண்ணு எடுத்து வைங்க."

"என்னோடது எதுக்குடி? ஒங்கம்மாவ ஒண்ணு அனுப்பச் சொல்லு."

"அம்மா கட்டுறது பூரா பாலியெஸ்டர். பிள்ளைக்கு வேர்த்துக் கொட்டும்."

போன் ஸ்பீக்கரில் இருந்தது. ஊரிலிருந்து சிவகாமி இழுத்தாள். "அக்கா, நான் சொல்றேன்னு தப்பா நெனைக்காத. எனக்கு ஒண்ணும் இல்ல. ஊர்ல நாலு பேரு…"

"அந்த நாலு பேரும் செங்காங் வந்து ராத்திரி முழிச்சுப் பிள்ளைக்குத் துணி மாத்தட்டும்மா. அப்புறம் அவங்க சொல்றதக் கேக்குறேன்" என்றாள் மலர்.

சிவகாமி சொல்ல வந்தது எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரியும். நம் பக்கத்தில் பிள்ளை பெற்று வளர்த்த, தாலியோடு இருக்கிற பெண்ணின் சேலையில்தான் முதல் தூளி கட்டுவார்கள். எனக்கு இரண்டும் இல்லை. ஊரில் எந்த வீட்டுப் பிள்ளைக்கும் என்னிடம் சேலை கேட்டதில்லை. நான் எதிரில் வந்தால் பிள்ளையை இடுப்பு மாற்றிக்கொண்டவர்கள் உண்டு. ஆகவே மலர் கேட்டது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

பெட்டியின் அடியில் ஒரு மதுரைச் சுங்குடி இருந்தது. துவைத்துத் துவைத்து வெங்காயத் தோல் மாதிரி ஆனது. அதை எடுத்து இரண்டு பக்கமும் முடிச்சுப் போட்டேன். இங்கே வீட்டு உத்தரத்தில் வளையம் கிடையாது. மலாய்க்காரர்கள் வீட்டில் இருக்கிற மாதிரி நாலு கால் இரும்புச் சட்டமும் நடுவில் ஒரு ஸ்பிரிங்கும் பிரகாஷ் வாங்கி வந்திருந்தான். அதைப் பூட்டுவதற்குள் இரண்டு தடவை விரலை நசுக்கிக்கொண்டான். நான் சேலையை மாட்டினேன். ஒரு அரிசிப் பையை உள்ளே போட்டு ஆட்டிப் பார்த்தோம்.

"நல்லா தூங்குது லா, அரிசி" என்றான்.

3

பிள்ளை சுகமாகப் பிறந்தான். மலர் வீட்டுக்கு வந்துவிட்டாள், அவனை மட்டும் விடவில்லை. இங்கே எந்தப் பிள்ளை பிறந்தாலும் தொப்புள் கொடி ரத்தத்தை எடுத்து ஒரு சோதனை செய்கிறார்கள். அதில் அவனுக்கு ஏதோ குறைவு என்று வந்திருந்தது. ஜி சிக்ஸ் பிடி என்று அதற்குப் பெயர். கொஞ்ச நாள் வைத்துப் பார்த்துத்தான் அனுப்புவார்களாம்.

"சீரியஸ் எல்லாம் இல்ல பெரியம்மா. சில மருந்து ஒத்துக்காது. ஒரு வகை பீன்ஸ் சாப்பிடக் கூடாது, அவ்வளவுதான்" என்று பிரகாஷ் சொன்னான்.

பிறந்த பிள்ளை எங்கே பீன்ஸ் சாப்பிடப்போகிறது என்று நானும் விட்டுவிட்டேன்.

தினமும் அவர்களோடு ஆஸ்பத்திரிக்குப் போவேன். வார்டு வாசலில் ஒரு மேசை. பிள்ளைக்கு நீங்கள் என்ன உறவு என்று கேட்பார்கள். பெரியம்மா என்று பிரகாஷ் சொன்னான். மலரின் அம்மாவுக்கு அக்கா என்று விளக்கினான். அப்படியானால் ஆன்ட்டி, ஆன்ட்டிகள் உள்ளே போக முடியாது, பெற்றவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் மட்டும் போகலாம் என்றார்கள். எனக்கு இங்க அம்மா இவங்கதான் என்று மலர் சொன்னாள். அவர்கள் கம்ப்யூட்டரைப் பார்த்தார்கள், அதில் அப்படி ஒன்று இல்லை போலிருக்கிறது. நான் பரவாயில்லை என்று கண்ணாடிக்கு வெளியே நின்றேன். அவன் மூன்றாவது கட்டிலில் இருப்பான். கால் மட்டும் தெரியும்.

பிள்ளையை மறுநாள் அனுப்பப்போகிறோம் என்று சொன்ன அன்று, அதே குறைவு உள்ள பிள்ளைகளைப் பெற்றவர்களையெல்லாம் ஒரு சின்ன அறையில் உட்கார வைத்து நர்ஸ் பேசினார். நம் தமிழ் அம்மாதான், ஐம்பது வயசு இருக்கும், இங்கேயே பிறந்தவர். வெளியே நின்ற என்னைப் பார்த்து, "பாட்டி மாதிரிதானே, உள்ள வரட்டும்" என்று அவரே கூப்பிட்டுக் கடைசி நாற்காலியில் உட்கார வைத்தார்.

அறையில் ஒரு சீனத் தம்பதி, ஒரு மலாய்க்காரர், நாங்கள். எல்லோருக்கும் ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, எனக்காகத் தமிழில் திரும்பச் சொன்னார்.

"பயப்படாதீங்கம்மா. இது நோய் இல்ல. ரத்தத்துல ஒரு சத்து பிறவியிலேயே குறைவு. படக்கூடாதது படாத வரைக்கும் எல்லாப் பிள்ளை மாதிரியும் ஓடி ஆடி வளருவான். பட்டுச்சுன்னா ரத்தம் உடைஞ்சு, கண்ணு மஞ்சளாகி, பிள்ளை சோர்ந்துடும். சின்னக் குழந்தைக்கு அது ஆபத்து."

பிறகு படங்கள் போட்ட ஒரு தாளைத் தூக்கிக் காட்டினார். சீனப் பெண்ணிடம் ஒரு வேரைக் காட்டி, மாமியார் காய்ச்சிக் கொடுக்கிற கஷாயத்தில் இதெல்லாம் இருக்கக் கூடாது என்றார். அவள் புருஷனைத் திரும்பிப் பார்த்த பார்வையில், மாமியார் ஏற்கனவே காய்ச்சி வைத்துவிட்டார் என்று எனக்குப் புரிந்தது. அடுத்து எங்கள் பக்கம் திரும்பிக் கடைசிப் படத்தில் விரலை வைத்தார்.

வெள்ளை உருண்டைகள். அந்துருண்டை. நம் ஊரில் பாச்சை உருண்டை என்போம்.

"நம்ம ஆளுங்களுக்கு இதுதான் முக்கியம். இது வெச்ச பெட்டியில இருந்த துணிகூட ஆகாது. ஆசையா எடுத்து அப்படியே பிள்ளையைச் சுத்திடுவாங்க."

"எங்க வீட்டுல அதெல்லாம் இல்ல சிஸ்டர். மாத்பால் இப்போ யாரு யூஸ் பண்றாங்க? எங்க தாத்தா காலத்துல" என்று பிரகாஷ் சிரித்தான்.

அவன் பொய் சொல்லவில்லை. அவனுக்குத் தெரியாது. இந்த ஊர் ஈரத்தில் துணியில் பூஞ்சை பூக்கிறது என்று, வந்த புதிதில் என் வீட்டுக்காரர் ஒரு பொட்டலம் வாங்கிக் கொடுத்தார். அன்றிலிருந்து என் பெட்டியில் அது இல்லாத நாள் கிடையாது. கரையக் கரையப் புதிதாகப் போடுவேன். செங்காங் அறையில், சேலை மாட்டிய சட்டத்துக்கு இரண்டு முழம் தள்ளி அந்தப் பெட்டி இருந்தது.

நான் அங்கேயே சொல்லியிருக்கலாம். நாக்கு எழவில்லை. மலாய்க்காரர் ஏதோ சந்தேகம் கேட்டார், எல்லோரும் எழுந்தார்கள். கூச்சம் ஒரு காரணம். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நன்றாக வெந்நீரில் அலசிவிட்டால் போகாதா, யாருக்கும் தெரியாமல் அந்தச் சேலையையே மறுபடி மாட்டிவிடலாமே என்று மனசு கணக்குப் போட்டது. வாழ்க்கையில் ஒரு தடவை கேட்டிருக்கிறார்கள்.

ஆனால் அதற்கும் அடியில் வேறொன்று கிடந்து புரண்டது. கண் மஞ்சளாகி, பிள்ளை சோர்ந்துவிடும் என்று அந்த அம்மா சொன்னார் அல்லவா? அப்படி ஒரு பிள்ளையை நான் பார்த்திருக்கிறேன்.

4

லிஃப்டுக்குப் போகும்போது, குடையை விட்டுவிட்டேன், நீங்கள் கீழே சாப்பாட்டுக் கடையில் இருங்கள் என்று அவர்களை அனுப்பிவிட்டுத் திரும்பினேன். இந்த ஊரில் நான் தனியாக ஒரு ஆபீஸ் ஆளிடம் போய்க் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. நர்ஸ் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்.

"சிஸ்டர், அந்த உருண்டை வெச்ச துணிய வெந்நீர்ல துவைச்சா ஆகுமா?"

அவர் உடனே புரிந்துகொண்டார். கோபிக்கவில்லை. "வேண்டாம்மா. அந்த வாசனை லேசுல போகாது. இவ்வளவு பெரிய ஊர்ல வேற துணியா இல்ல? உங்க பெட்டி பிள்ளை இருக்கிற வீட்டிலேயே வேண்டாம்."

"சரி" என்றேன். அதோடு வந்திருக்கலாம்.

"எனக்கு ஒரு பையன் பிறந்தான், சிஸ்டர்."

அவர் அடுக்கிய நாற்காலியில் ஒன்றை எடுத்துப் போட்டார்.

நான் சொன்னேன். என் வீட்டுக்காரர் இங்கே கடையில் இருந்தார், நான் ஊரில் மாமியாரோடு இருந்தேன். பிள்ளை நல்ல எடையோடு பிறந்தான். தலைப்பேரன் என்று மாமியார் தன்னுடைய கல்யாணப் பட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து அவனைச் சுற்றி வைத்துக்கொண்டார். ஆசைதான். அந்த வீட்டில் சிங்கப்பூர்க் காசு வந்ததால் மரப்பெட்டி இருந்தது, பெட்டிக்குள் டவுனிலிருந்து வாங்கி வந்த உருண்டையும் இருந்தது. அந்த வாசனை பணக்கார வாசனை என்று நினைத்தோம். சில நாளில் பிள்ளைக்குக் கண் மஞ்சளாயிற்று. பால் குடிக்கத் தெம்பில்லை. காமாலை என்று வேர் கட்டினார்கள். போய்விட்டான். என் மாமியார் அடித்துக்கொண்டு அழுதார். அழுது முடித்ததும் என் ராசி என்றார்.

"அதுவும் இதுதானா?" என்று கேட்டேன்.

நர்ஸ் இன்னொரு நாற்காலியை இழுத்து எதிரில் உட்கார்ந்தார். "இருக்கலாம்மா. பிறந்த பிள்ளைக்கு மஞ்சள் வர வேற நிறையக் காரணமும் உண்டு. இப்போ யாராலயும் உறுதியாச் சொல்ல முடியாது. ஆனா இந்தக் குறைவு அம்மா வழியா பையனுக்கு வர்றது. பொண்ணுங்களுக்கு ரெண்டு பங்கு இருக்கும், ஒண்ணு சரியில்லாட்டியும் இன்னொண்ணு தாங்கிக்கும், பெரும்பாலும் வெளிய தெரியாது. பையனுக்கு ஒரே பங்கு, அதுவும் அம்மாகிட்டேர்ந்து. உங்க தங்கச்சி பேரனுக்கு இருக்குன்னா, உங்க அம்மா வழியா உங்களுக்கும் வந்திருக்கலாம்."

"எங்க தம்பிக்கு மலேரியாக்காரங்க ஒரு மாத்திரை குடுத்தாங்க. கடுங்காப்பி மாதிரி ஒண்ணுக்குப் போச்சு. சூடுன்னு சொன்னாங்க."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். "அப்ப உங்க ஊர்ல மலேரியா ஜாஸ்தியா?"

"குளிர்காய்ச்சல்தானே? அது வராத வீடே இல்ல. உப்பளத்துப் பக்கம் எங்க ஊரு."

"அதான்மா. அந்தக் காய்ச்சல் கிருமி இந்த மாதிரி ரத்தத்துல நல்லா வளர முடியாதுன்னு சொல்றாங்க. அதனால காய்ச்சல் அடிச்ச ஊர்கள்ல இந்த ரத்தக்காரங்க கொஞ்சம் கூடுதலாப் பிழைச்சு வந்திருக்காங்க. அந்தச் சீனப் பொண்ணு குடும்பம், அந்த மலாய்க்காரர் குடும்பம், அவங்க பூர்வீகமும் அப்படிப்பட்ட ஊராத்தான் இருக்கும். ரத்தம் ஒரே மாதிரி. அதுக்கு எதிரி மட்டும் வீட்டுக்கு வீடு வேற."

நம் தெருவில் குளிர்காய்ச்சலில் போன பிள்ளைகளை நினைத்துக்கொண்டேன். எங்கள் வீட்டில் தம்பி மட்டும் அடிக்கடி படுக்கவில்லை, கெட்டிப் பிள்ளை என்பார்கள். அவனைக் காய்ச்சலிலிருந்து காப்பாற்றியதும் மாத்திரையில் விழ வைத்ததும் ஒரே ரத்தமாக இருக்கலாம். சிவகாமிக்கு எல்லாம் பெண்ணாகப் பிறந்ததால் அவளிடம் அது தெரியாமலே இருந்துவிட்டது. பெண்ணாகப் பெற்றுப் போடுகிறாள் என்று அவளைப் பேசினவர்களும், பிள்ளை தங்காதவள் என்று என்னைப் பேசினவர்களும் ஒரே ஆட்கள்தான்.

என் பையனுக்கு ரத்தத்தைக் கொடுத்தது நான். வாசனையைக் கொடுத்தது மாமியார். அந்தப் பட்டு இல்லாமல் வேறு துணியில் கிடந்திருந்தால் இந்த ரத்தத்தோடேயே அவன் வளர்ந்திருப்பான். வேறு ரத்தமாக இருந்திருந்தால் அந்தப் பட்டிலேயே சுகமாகத் தூங்கியிருப்பான். இரண்டும் சேர்ந்துவிட்டன. எங்கள் இரண்டு பேருக்கும் அது தெரியாது. தெரியாமலே, நான் இங்கே வரும் வரை ஒரே வீட்டில் ஒருவரை ஒருவர் நேராகப் பார்க்காமல் இருந்துவிட்டு, அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

இருக்கலாம் என்றுதான் அந்த அம்மா சொன்னார். இத்தனை வருஷத்தில் எனக்கு அதுகூட யாரும் சொன்னதில்லை.

5

கீழே பிரகாஷ் எனக்கும் சேர்த்துத் தேத்தண்ணீர் வாங்கி வைத்திருந்தான். ஆறிப்போயிருந்தது.

"குடை கிடைச்சுதா பெரியம்மா?"

"குடை கொண்டுவரவே இல்ல. மலரு, அந்தத் தூளிச் சேலை ஆகாது. அது பாச்சை உருண்டைப் பெட்டியில இருந்தது."

மலர் முதலில் விளங்காமல் பார்த்தாள். பிறகு கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "உங்க ரூம்ல வர்ற வாசனையா? நான் மொத மொத வந்து உங்க பக்கத்துல படுத்தப்போ வந்ததே? பெரியம்மா, நான் அது உங்க வாசனைன்னே நெனச்சுக்கிட்டு இருந்தேன். எனக்கு ரொம்பப் பிடிக்குமே."

பிரகாஷ் எழுந்துவிட்டான். நல்ல பையன்தான், ஆனால் பயந்தால் வேகமாகப் பேசுவான். "இன்னிக்கே எல்லாத்தையும் மூட்டை கட்டிக் கீழ போட்டுடலாம். ரூமை கிளீன் பண்ணணும், கர்ட்டன் மாத்தணும். பெரியம்மா துணி எல்லாம்தான். எவ்ரிதிங்."

"பிரகாஷ்!" என்றாள் மலர்.

"அவரு சொல்றது சரிதான்" என்றேன். "துணி மட்டுமில்ல. நானும் ஃபேரர் பார்க்குக்குப் போறேன்."

மலர் சண்டை போட்டாள். புதுத் துணி வாங்கித் தருகிறேன், குளித்துவிட்டு இருங்கள், நீங்கள் இல்லாமல் நான் எப்படிப் பிள்ளையைக் குளிப்பாட்டுவேன் என்றாள். சொல்லச் சொல்ல எனக்கும் இருந்துவிடலாம் போலத்தான் இருந்தது. ஆனால் என் தலைமுடியில், செருப்பில், தலையணையில் எது எதில் அந்த வாசனை ஏறியிருக்கிறது என்று எனக்கே தெரியாது. கூடவே இருந்து பழகியவள் மூக்குக்கு அது எட்டுவதில்லை. பிள்ளை வருவது மறுநாள். ஒரு பிள்ளை விஷயத்தில் தெரியாமல் இருந்தேன். இரண்டாவது பிள்ளை விஷயத்தில் தெரிந்துகொண்டு அதே வீட்டில் எப்படிப் படுப்பது?

வீட்டுக்குப் போனதும் மலர் தூளியில் கை வைக்கப் போனாள். பச்சை உடம்புக்காரி அதைத் தொடக் கூடாது என்று தடுத்தேன். நான் கட்டியதை நானே அவிழ்த்தேன். முடிச்சு இறுகிப் போயிருந்தது, அரிசி மூட்டை வைத்து ஆட்டினோம் அல்லவா? பல்லால் கடித்துத்தான் இளக்க வேண்டியிருந்தது. இதைத்தான் பிடுங்கி எறிந்தார்கள் என்று ஊரில் பேசினீர்கள்.

பிரகாஷ் பெட்டியை ரயில் நிலையம் வரை தூக்கி வந்தான். படியில் நின்று, "சாரி பெரியம்மா" என்றான். நல்ல தகப்பனாக இருப்பான் என்று எனக்கு அப்போது தோன்றியது.

6

ஃபேரர் பார்க் வீட்டில் எல்லாத் துணியையும் வெந்நீரில் போட்டேன். உருண்டைகளைக் கட்டிக் குப்பையில் போட்டேன். மூங்கில் கழியில் சேலைகளைக் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டி நாளெல்லாம் காய வைத்தேன். மழை வந்தால் உள்ளே இழுப்பேன், நின்றால் நீட்டுவேன். வாசனை போயிற்றா இல்லையா என்று தெரியவில்லை. யாரிடம் கேட்பது?

எதிர் வீட்டில் ஒரு சீன அம்மா தனியாக இருக்கிறார். எனக்கு அவர் பாஷை தெரியாது, அவருக்கு என் பாஷை தெரியாது. இரண்டு பேருக்கும் சந்தை மலாய் கொஞ்சம் வரும். எதிரெதிரே இத்தனை வருஷம் இருந்தும் மழை, வெயில், லிஃப்ட் கெட்டுப்போனது தவிர நாங்கள் வேறொன்றும் பேசியதில்லை. ஒரு சேலையை எடுத்துக்கொண்டு போய்க் கதவைத் தட்டி, வாசனை இருக்கிறதா என்று மலாயில் கேட்டேன். என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். பிறகு சேலையை வாங்கி மூக்கில் வைத்து மூச்சை இழுத்தார்.

"சிக்கிட்" என்றார். கொஞ்சம் என்று அர்த்தம்.

மறுநாளும் போனேன். "சிக்கிட், சிக்கிட்" என்றார். அதற்கடுத்த நாள் நான் போவதற்கு முன்பே கதவைத் திறந்துவைத்துக் காத்திருந்தார். எதற்கு என்று அவர் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் சொல்லும் அளவுக்கு மலாய் எனக்கு வராது. என் சேலையை மோந்து பார்க்க உலகத்தில் ஒரு ஆள் இருக்கிறார் என்பதே அந்த நாட்களில் எனக்குப் போதுமாக இருந்தது.

பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். நன்றாக இருக்கிறான். தூளிச் சட்டத்தில் கடையில் வாங்கிய மலாய்ச் சாரோங் கைலி தொங்குகிறது. நான் தேக்கா சந்தையில் இரண்டு புதுப் பருத்திச் சேலை வாங்கி மலர் வீட்டிலேயே வைத்துவிட்டேன். ரயிலில் போய், குளித்து, அதைக் கட்டிக்கொண்டுதான் அவனைத் தூக்குகிறேன். அவன் நம் சிவகாமி மாதிரி புருவத்தைச் சுருக்குகிறான். மலர் புத்தகத்தைப் பார்த்துக் குளிப்பாட்டப் பழகிவிட்டாள், நன்றாகவே செய்கிறாள். சாயங்காலம் பழைய சேலைக்கு மாறித் திரும்பிவிடுவேன். இருங்கள் என்று மலர் முன்பு தினமும் சொன்னாள். இப்போது எப்போதாவது சொல்கிறாள். இரண்டும் ஆசையோடுதான்.

7

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்குப் பக்கத்து மைதானத்தில் உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை என்றால் கட்டட வேலைக்கும் கப்பல் பட்டறைக்கும் வந்திருக்கிற நம் பையன்கள் அந்தப் பக்கம் நிறைந்துவிடுவார்கள். புல்லில் வட்டமாக உட்கார்ந்து எல்லோரும் ஊருக்குப் பேசுவார்கள். "அம்மா, சாப்டியா? பணம் வந்துச்சா? பாப்பாட்ட குடு." யார் பேசுவதையும் யாரும் கேட்பதில்லை. அந்தச் சத்தத்துக்கு நடுவில் எனக்கும் தைரியம் வந்தது. சிவகாமியிடம் நம்பர் வாங்கிப் பூமயிலைக் கூப்பிட்டேன்.

பூமயில் என் நாத்தனார். என் பையன் பிறந்தபோது பாவாடை கட்டின சிறு பெண். அந்த வீட்டில் அவனைக் கண்ணால் பார்த்தவர்களில் என்னைத் தவிர இன்று உயிரோடு இருப்பது அவள் ஒருத்திதான். என் வீட்டுக்காரர்கூட அவனைப் பார்த்ததில்லை.

"யாரு?"

"நான்தான் பூமயிலு. சிங்கப்பூர்லேர்ந்து."

"மதினியா? ஆத்தாடி! நீங்களா கூப்பிட்டீக? யாருக்கும் ஒண்ணும் இல்லையே?"

"ஒண்ணும் இல்ல. தூளிச் சேதி ஒன் காதுக்கு வந்துச்சா?"

"வந்துச்சு. என் வாயிலயும் கொஞ்சம் போயிருச்சு. அதுக்குச் சண்டை போடவா கூப்பிட்டீக?"

"இல்ல" என்று சொல்லி, நர்ஸ் சொன்னது அத்தனையும் அவளிடம் சொன்னேன். நான் அவ்வளவு நேரம் தொடர்ந்து பேசி அவள் கேட்டதில்லை. பொறுமையாகக் கேட்டாள். கேட்டு முடித்து அவள் புத்தியைக் காட்டினாள்.

"அப்ப ஒங்க பக்கத்து ரத்தம்தானே மதினி! எங்காத்தா சொன்னது சரியாத்தானே போச்சு?"

"ரத்தம் எங்க பக்கம். உருண்டை ஒங்க பக்கம்."

அவள் சிரித்துவிட்டாள். "அடேயப்பா! மதினிக்குப் பேச்சு வந்துருச்சு. எங்காத்தா இருந்தப்ப வந்திருக்கணும், வீடு நல்லா இருந்திருக்கும்."

நானும் சிரித்தேன். சிரிப்பு நின்ற பிறகு இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

"அப்ப நீங்களும் இல்ல, எங்காத்தாவும் இல்ல, என்ன மதினி?"

"இருக்கலாம்னுதான் சொன்னாங்க. உறுதி இல்ல."

"ஒண்ணு சொல்லுறேன் மதினி. பேர் வைக்கிறதுக்குள்ள போயிட்டான்னுதானே நீங்க நெனச்சுக்கிட்டு இருக்கீக? நானும் ஆத்தாவும் அவனை ஒரு பேரு சொல்லிக் கூப்பிடுவோம். நீங்க உள்ள தூங்கிக்கிட்டு இருப்பீக. அண்ணன் அங்கிட்டுக் கடையில இருந்தாரா, இவன் கையைக் காலை நீட்டி மொதலாளி மாதிரி கெடப்பானா, ஆத்தா எண்ணெய் தேச்சுக்கிட்டே கேப்பா, 'என்னங்க சிங்கப்பூராரே, இன்னைக்குக் கடை தொறக்கலியா?' அதுக்கு அவன் பெருசா ஒரு கொட்டாவி விடுவான். நாங்க ரெண்டு பேரும் விழுந்து விழுந்து சிரிப்போம். அவன் போனப்புறம் எப்படி மதினி ஒங்ககிட்ட அதைச் சொல்லுறது?"

என்னைச் சுற்றிலும் பையன்கள் ஊருக்குப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் எழுந்து நின்று காதைப் பொத்திக்கொண்டு சத்தம் போட்டுக்கொண்டிருந்தான்.

"மதினி? மதினி, இருக்கீகளா?"

"இருக்கேன்" என்றேன். "இன்னொரு தடவ சொல்லு."